மந்திரிக்கு அம்மா ஒட்டிய கை

என் அம்மா போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். படம் எடுக்கிற வேலை இல்லை, எடுத்த படத்தைச் சரிசெய்கிற வேலை. முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் எடுத்துவிடுவாள். தொங்கும் தாடையை ஏற்றி வைப்பாள். கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளைக்கு அவரது இன்னொரு படத்திலிருந்து கண்ணைக் கொண்டுவந்து பொருத்துவாள். கலர் படம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. நெகட்டிவின் மேல் ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் தடவினால் அந்த இடம் படத்தில் வெளுக்கும். சின்னக் கத்தியால் சுரண்டினால் கறுக்கும். பெரிய வேலை என்றால் பிரிண்ட் போட்டு அதன் மேல் சாம்பல் நிறச் சாயத்தால் தீட்டி, தீட்டியதை மறுபடியும் படம் எடுப்பார்கள். பென்சில், கத்தி, முடி நாலுகூட இல்லாத ஒரு பிரஷ், ஒரு கிண்ணம் சாயம். அவளுடைய ஆயுதங்கள் அவ்வளவுதான். ஆயுதம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஸ்டுடியோவின் முன்வாசல் வழியாக அம்மா ஒருநாளும் உள்ளே போனதில்லை. பின்பக்கச் சந்தில், குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, ஒரு தகரக் கதவு உண்டு. அதுதான் அவளுக்கு. எங்கள் ஊரில் வெளுத்த தோல்காரர்கள் ஒரு கூட்டம், கறுத்த தோல்காரர்களான நாங்கள் ஒரு கூட்டம். எங்களைக் 'கரி' என்பார்கள். கோபம் வந்தால்தான் என்று இல்லை, சும்மாவே சொல்வார்கள். "அந்தக் கரியைக் கூப்பிடு, பெட்டியைத் தூக்கட்டும்" என்று, குடையை எடு என்பது மாதிரி சொல்வார்கள். ஸ்டுடியோ முதலாளி வெளுத்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தாங்கொள்ளி. தங்கள் கன்னத்திலும் கழுத்திலும் நாள் முழுக்கக் கைவைத்துக்கொண்டிருப்பது ஒரு கரி என்று தெரிந்தால் பெரிய வீட்டு அம்மாக்கள் கடையைக் கொளுத்திவிடுவார்கள் என்று நடுங்குவார். அதனால் அம்மா பின்கட்டிலேயே இருந்தாள்.

எங்கள் ஆட்களும் படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "கொஞ்சம் வெளுத்துக் கொடுங்கக்கா." அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் தடவிக் கொடுப்பாள். ஒரு முறை அவள் வெளுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் பெண் கேட்டு வந்தவர்கள், கதவைத் திறந்த பெண்ணிடமே "உன் தங்கச்சி இருக்காளாம்மா?" என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கல்யாணம் நடந்தது, அது வேறு கதை. அம்மா மட்டும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒருநாள் மதியம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எங்களுக்கு ஒரு வார்டு, அவர்களுக்கு ஒரு வார்டு. எங்களுடையதில் கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்தார்கள், கட்டிலுக்கு அடியிலும் ஆள். அவர்களுடையதில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அம்மா கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டே அப்பாவை நடைபாதைத் தரையில் மடியில் கிடத்தியிருந்தாள். ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரி அந்த வழியாக வந்தார். அம்மா அவர் காலைப் பிடித்தாள். "ஐயா, ஒரே ஒரு கட்டில்ங்க, சாயங்காலம் வரைக்கும்" என்று கெஞ்சினாள்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "இந்தாம்மா, நான் இவரை அந்தக் கட்டில்ல படுக்க வெச்சேன்னு வெச்சுக்க. அப்புறம் நாளைக்கு அதுல யார் படுப்பா?"

சாயங்காலம் வரை அப்பா தாங்கவில்லை.

அந்தத் தலைமை அதிகாரியை 'அவர்' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அச்சில் வருகிற சமாச்சாரம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் நன்றாகவே வளர்ந்தார். ஆஸ்பத்திரியை விட்டுக் கட்சிக்குப் போனார், கட்சியிலிருந்து சபைக்குப் போனார், சபையிலிருந்து மந்திரி நாற்காலிக்கு ஏறினார். ஒவ்வொரு படிக்கும் அவருக்கு ஒரு புதுப் படம் தேவைப்பட்டது. ஊரிலேயே நல்ல ஸ்டுடியோ எங்கள் முதலாளியுடையது. ஆக, அவர் கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளை எடுத்தது யார்? என் அம்மா. அவர் கழுத்துச் சுருக்கத்தை இழுத்துவிட்டது, தேர்தல் சுவரொட்டியில் அவருக்குப் பத்து வயசைக் குறைத்தது, எல்லாம் என் அம்மா.

எனக்கு வயிறு எரியும். "ஒரு மருவாவது வெச்சு விடேம்மா" என்று சண்டை போடுவேன்.

"மரு வெச்சா நாளைக்கே என்னை வெளியே அனுப்பிட்டு வேற ஆளை வெச்சு எடுத்துடுவாங்க. அவனுக்கு ஒரு மருவும் போச்சு, எனக்கு அவன் மூஞ்சியும் போச்சு. சும்மா இரு. அவன் மூஞ்சி என் கையிலேயே இருக்கட்டும்."

சாந்தமாகச் சொல்வாள். அந்தச் சாந்தத்தைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கும்போதுகூட அவள் அந்த ஆளை மனசுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள் என்று மாமா கிண்டல் பண்ணுவார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அரசாங்க மாளிகையின் பெரிய கூடத்தில் ஊழியர். நாற்காலி போடுவது, தண்ணீர் வைப்பது, கதவு திறப்பது. நல்ல உயரம், நிமிர்ந்த உடம்பு, சீருடை போட்டால் அவரே நாட்டின் தலைவர் மாதிரி இருப்பார். ஒரே ஒரு வித்தியாசம், அந்தக் கூடத்தில் எங்கள் நிறத்து ஊழியர்கள் மட்டும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் எதையும் தொட வேண்டும். கூட வேலை பார்க்கும் வெளுத்தவர்கள் வெறுங்கையோடு தொடலாம். அப்படி ஒரு வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் சுத்தம் என்பார்கள்.

அந்த வருஷம் சுற்றியுள்ள நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட முடிவு செய்தன. தோலின் நிறத்தையோ பிறந்த இனத்தையோ வைத்து எந்த மனிதரையும் ஒதுக்கக் கூடாது, ஒதுக்குகிற சட்டங்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். கையெழுத்துப் போடாத நாட்டோடு வியாபாரம் கிடையாது என்று பெரிய நாடுகள் சொல்லிவிட்டதால் எங்கள் அரசாங்கத்துக்குத் திடீரென்று எங்கள் மேல் பாசம் பொங்கியது. விழா எங்கள் ஊர் மாளிகையில்தான். எங்கள் நாட்டின் சார்பில் கையெழுத்துப் போடப் போகிறவர் யார் என்று வானொலியில் சொன்னபோது அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அதே ஆள். காலிக் கட்டிலைக் கொடுக்காதவர் இப்போது சமத்துவத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

விழாவன்று நடந்ததை மாமா வந்து நடித்தே காட்டினார். மேஜையின் மேல் ஒப்பந்தம் விரித்து வைத்திருக்கிறது. மந்திரி உட்கார்ந்து பேனாவை எடுத்தால் மை வரவில்லை. விழாவுக்கென்று வாங்கின தங்க மூடிப் பேனா, முந்தின நாளே மை நிரப்பி வைத்ததில் முள்ளில் காய்ந்துபோயிருக்கிறது. மந்திரி உதறுகிறார், முறைக்கிறார், பக்கத்தில் இருந்த அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமா சட்டென்று வலது கையுறையைக் கழற்றி, பேனாவை வாங்கி, முள்ளைத் துடைத்து, மந்திரியின் தோளுக்கு மேலாகக் குனிந்து, மேஜை மேல் இருந்த மை ஒற்றும் தாளில் கிறுக்கிப் பார்த்தார். "இப்ப எழுதுதுங்க" என்றார். மந்திரி தூதர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்த நொடியில் முதலாளியின் கேமரா பளிச்சிட்டது.

"அக்கா, நான் படத்துல விழுந்துட்டேன்!" மாமா குதித்தார். "மந்திரி சிரிக்கிறாரு, நான் குனிஞ்சு எழுதறேன். நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வரும் பாரு."

அத்தை அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, படத்தை மாட்டுவதற்குச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டாள்.

மாமா சொன்னது சரிதான். அன்று எடுத்த படங்களில் அது ஒன்றுதான் தேறியது. மந்திரி நிஜமாகக் கையெழுத்துப் போட்ட நேரத்தில் முன்வரிசைத் தூதர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்று கைதட்ட, படம் முழுக்க அவருடைய முதுகு. உள்ளே வேறு கேமராக்காரர்களுக்கு அனுமதியும் இல்லை. இருந்த ஒரு நல்ல படத்தோடு முதலாளி உட்கார்ந்திருக்கும்போது செய்தித்துறை அதிகாரி வந்தார். பின்கட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். அம்மாவுக்கு எல்லாம் கேட்டது.

"மந்திரி ஐயா படத்தைப் பார்த்தாரு. அவருக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பின்னாடி நிக்கிற கரியை எடுத்துடணும்னு சொல்லிட்டாரு."

"எடுக்கணுமா? நல்லாத்தானே இருக்கு?" என்றார் முதலாளி.

"என்ன சார் நீங்க? எல்லாரும் சமம்னு கையெழுத்துப் போடறோம். பின்னாடி ஒரு கரி நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு வேலைக்காரனா நின்னா வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான்? நாம அவங்களைக் கேவலமா நடத்தறோம்னு நினைக்க மாட்டானா? சுத்தமா எடுத்துடுங்க. ஆள் இருந்த தடமே தெரியக் கூடாது."

முதலாளி பிரிண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தயங்கினார். "உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"என் தம்பிங்க."

முதலாளி பிரிண்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்ப விடு. வேற யாரையாவது வெச்சு..."

"வேண்டாங்க. என் தம்பி மேல வேற யாரும் பிரஷ் வைக்க வேண்டாம். நானே பண்றேன்."

அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா இருந்த இடத்தில் என்ன இருந்திருக்கும்? திரைச்சீலை. திரையின் மடிப்புகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தாள். மாமாவின் நெற்றி போனது, மூக்கு போனது, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த வாய் போனது. "கை நடுங்கலையாம்மா?" என்று பிற்பாடு கேட்டேன். "நடுங்கினா மடிப்பு கோணிடும்" என்றாள்.

உடம்பு போய்விட்டது. மந்திரியின் தோளுக்கு மேலாக நீண்டு வந்த மாமாவின் கை மட்டும் மிச்சம். கறுத்த வெறுங்கை, பேனாவைப் பிடித்த கை. அதற்கு ஒரு சாண் தள்ளி மந்திரியின் சொந்தக் கை, எப்போது பேனா கிடைக்கும் என்று காத்துக்கொண்டு மேஜை மேல் கிடந்தது. இரண்டும் வலது கை, ஒரே பக்கம் பார்த்த கைகள்.

அம்மா மந்திரியின் கையை அழித்தாள். அது இருந்த இடத்தில் மேஜை விரிப்பைத் தீட்டினாள். மந்திரியின் கோட்டுக் கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, சட்டையின் வெள்ளை விளிம்பை வரைந்து, அந்த விளிம்பில் கொண்டுபோய் என் மாமாவின் கையைப் பொருத்தினாள். மணிக்கட்டு அளவு சரியாக இருந்தது. நிழல் விழுகிற பக்கமும் சரியாக இருந்தது. அந்த வேலையை அவளைவிடச் சுத்தமாகச் செய்ய ஊரில் ஆள் கிடையாது.

இதை எப்படி யாரும் கவனிக்காமல் விட்டார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். ஸ்டுடியோக்காரர்கள் பார்க்கிற விதம் அப்படி. முதலாளி எந்தப் படத்திலும் முதலில் முகத்தைப் பார்ப்பார், அடுத்து எதை எடுக்கச் சொன்னார்களோ அந்த இடத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான், பழக்கம். அவர் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், "பிரமாதம்" என்றார். அதிகாரி வந்து பூதக்கண்ணாடியை வைத்துத் திரையை அங்குலம் அங்குலமாகத் துழாவினார். கரி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினார். அது அவர் மூக்குக்கு நேர் கீழே மந்திரியின் சட்டையில் இருந்தது. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு அந்தப் படம்.

நான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். குரலைப் பார்த்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் எங்களையும் அங்கே சேர்த்திருந்தார்கள். லைனில் பேசுவதைக் கேட்கக் கூடாது என்பது சட்டம். நான் கேட்டேன். எல்லாருமே கேட்டோம். காலையில் ஒருத்தர், "பேப்பர் பார்த்தியா? கையைப் பாரு, கையை" என்று ஆரம்பித்தார். அப்புறம் ஊருக்கே அதே பேச்சு. அவர் தோலுக்கு ஏதோ மருந்து பூசி வெளுத்துக்கொண்டாராம், வலது கைக்குப் பூச அன்றைக்கு மறந்துவிட்டாராம். இல்லை, அவர் தாத்தா வீட்டில் ஒரு கரிச்சி சமையல் வேலை பார்த்தாளாம், தாத்தாவுக்கு அவள் சமையல் ரொம்பப் பிடிக்குமாம். மந்திரியின் மாமியார் தன் மகளைக் கூப்பிட்டுக் கேட்டதை என் காதாலேயே கேட்டேன்: "ஏண்டி, நீ உன் புருஷன் உடம்பை வெளிச்சத்துல பார்த்திருக்கியா?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன்.

சாயங்காலம் மாமா பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. எங்கள் நிறத்திலும் முகம் வெளிறும், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"அக்கா, இது என் கை."

"ஆமா."

"நான் எங்கக்கா?"

"உன்னை எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன்."

மாமா உட்கார்ந்துவிட்டார். "உன் கையாலயா? தெருவுக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்க்கா. அவ ஆணி வேற அடிச்சிருக்கா."

"ஆணி இருக்கட்டும், பிடுங்கிடாதே," என்றாள் அம்மா. "நல்லாக் கேட்டுக்க. அந்தக் கை தன்னுதில்லைன்னு அவன் நிரூபிக்கணும்னா என்ன பண்ணணும்? ஒரிஜினல் படத்தைக் காட்டணும். காட்டினா, அதுல நீ இருப்பே. ஏன்டா இந்த ஆளை அழிச்சேன்னு ஊர் உலகமே கேக்கும். சமத்துவத்துக்குக் கையெழுத்துப் போட்ட அன்னிக்கே ஒரு கரியை அழிச்சவன்னு பேர் வரும். காட்டாம விட்டா அவனே கரி. ரெண்டுல எதுன்னு அவனே எடுத்துக்கட்டும்."

மாமா பத்திரிகையை மறுபடியும் விரித்துப் பார்த்தார். "அக்கா, நீ என் அக்காவா இருக்கிறதால தப்பிச்சேன்" என்றார்.

மந்திரி கொஞ்ச நாள் மென்று விழுங்கினார். படத்தில் மை கொட்டிவிட்டது என்றார்கள், நிழல் என்றார்கள், அச்சகத்தின் கோளாறு என்றார்கள். எதுவும் எடுபடவில்லை. அவருடைய கட்சிக்காரர்களே சபைக்குள் அவரோடு கைகுலுக்காமல் கும்பிடு போட ஆரம்பித்தார்கள். கடைசியில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். வானொலியில் நேரடியாகப் போட்டார்கள். "நல்லாப் பாருங்க. தலைமுறை தலைமுறையா எங்க ரத்தத்துல ஒரு சொட்டு அந்தக் கலப்பு கிடையாது. இப்படி ஒரு அவதூறை எந்தக் கௌரவமான மனுஷனும் தாங்க மாட்டான்."

வெளிநாட்டுப் பத்திரிகைக்காரி ஒருத்தி எழுந்தாள். "அப்படியே கலப்பு இருந்தாத்தான் என்னங்க? அதுல கேவலம் ஒண்ணும் இல்லைன்னுதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"கையெழுத்து வேற, குடும்பம் வேற!" என்று கத்தினார் மந்திரி.

வானொலிக்காரர்கள் அவசரமாக லைனை அறுத்தார்கள். அப்புறம் பாட்டுப் போட்டுவிட்டார்கள். அம்மா அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அத்தோடு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். ஆனால் ஊர் வாய் மூடவில்லை. மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் தள்ளிப்போட்டார்கள் என்று லைனில் கேட்டேன். அடுத்த நாள் அவரே ஸ்டுடியோவுக்கு வந்தார். முன்வாசலில் பத்திரிகைக்காரர்கள் நின்றதால் சந்து வழியாக, குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, அம்மாவின் தகரக் கதவைத் தட்டினார். முதலாளி அங்கே இருந்தார். நடந்ததை அம்மாவும் சொன்னாள், முதலாளியும் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகிறது.

"நெகட்டிவ் இருக்கா?" என்று கேட்டார் மந்திரி.

"இருக்குங்க," என்றார் முதலாளி.

மந்திரி அம்மாவைப் பார்த்தார். "அந்தக் கரியை... அந்த ஊழியனை மறுபடியும் படத்துல கொண்டு வரணும். இப்பவே."

"அவரை எடுக்கச் சொன்னது யாருங்க?" என்று கேட்டாள் அம்மா.

முதலாளி இருமினார். மந்திரிக்கு மூக்கு விடைத்தது. "நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், கொண்டு வா."

இருட்டறையில் அம்மா தாளைக் கரைசலில் போட்டு ஆட்டினாள். கறுத்த இடங்கள்தான் எப்போதும் முதலில் தெரியும். வெள்ளைத் தாளில் என் மாமாவின் முகம் முதலில் வந்தது, பல்லெல்லாம் தெரிய. மந்திரியின் முகம் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது. ஈரப் படத்தைக் கொடியில் மாட்டிவிட்டு அம்மா விளக்கைப் போட்டாள்.

மந்திரி அந்தக் கையையே பார்த்தார். "இது எப்படி என் சட்டைக்கு வந்தது? கவனக்குறைவா?"

"இல்லீங்க. கவனமாத்தான் பண்ணேன்."

முதலாளி ஐயோ என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க ஆஸ்பத்திரி நடையில என் வீட்டுக்காரர் செத்தாருங்க," என்றாள் அம்மா. "உள்ளே வரிசையாக் கட்டில் காலியாக் கிடந்துச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். இவரைப் படுக்க வெச்சா நாளைக்கு அதுல யார் படுப்பான்னு கேட்டீங்க."

மந்திரி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார் என்று முதலாளி சொல்வார். "எனக்கு ஞாபகம் இல்ல," என்றார்.

"பரவாயில்லீங்க. இனிமே இருக்கும்."

அவர் கொடியிலிருந்த படத்தை நோக்கிக் கையை நீட்டினார். அம்மா குறுக்கே வரவில்லை.

"எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கங்க. இதை வெளியே காட்டினா உங்க கதை முடிஞ்சுது. அது உங்களுக்கே தெரியும். இங்கேயே விட்டுட்டுப் போனா, இன்னும் கொஞ்ச நாள்ல ஊர் வேற பேச்சுக்குப் போயிடும். நீங்க மந்திரியாவே இருக்கலாம். என்ன, நாலு பேர் உங்களை எங்க ஆளுன்னு நினைச்சுக்குவாங்க. நினைச்சுட்டுப் போகட்டும். நாங்க சேர்த்துக்கறோம், வாங்க."

மந்திரி அம்மாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படத்தைக் கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு, சந்து வழியாக வேகமாகப் போனார். தாளிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் கோட்டில் வழிந்ததாம்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கை யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்தது. கூடவே, அந்தக் கைக்கு உரிய ஆளை எடுக்கச் சொன்னது யார் என்றும் தெரிந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மற்ற நாட்டுத் தூதர்கள் விளக்கம் கேட்டு மாலையே மாளிகைக்கு வந்துவிட்டார்கள். ராத்திரிச் செய்தியில் அவர் பெயருக்கு முன்னால் 'முன்னாள்' சேர்ந்திருந்தது. மாமாவின் வேலையை யாரும் தொடத் துணியவில்லை, கையுறை வழக்கத்தையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வேலை போனது. முதலாளி அழுதுகொண்டேதான் அனுப்பினார். பெரிய வீட்டு அம்மாக்களுக்குத் தங்கள் முகத்தைப் பற்றிப் பயம் வந்துவிட்டதாம். அதைக் கேட்டு அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்குத்தான் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏம்மா, அவர் படத்தை விட்டுட்டுப் போயிருந்தா? அந்தப் பத்திரிகைக்காரி கேட்டப்பவே, 'ஆமா, நான் கரியாவே இருந்துட்டுப் போறேன், என்ன இப்போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? உன் வித்தை எல்லாம் வீணாப் போயிருக்குமே?"

"போயிருக்கும்," என்றாள் அம்மா. "கை தட்டியிருப்பாங்க. தோளுல தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நான் தோத்திருப்பேன்."

"அந்தப் பயம் உனக்கு இல்லையா?"

அம்மா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "ஒரு காலிக் கட்டிலையே நமக்குக் கொடுக்காதவன்டி அவன். தன்னையா கொடுத்துடுவான்?"